எட்டு போல்ட்டும் ஒரு கூரையும்

அமெரிக்காவின் மிச்சிகனில் பனிக்காலம் எளிதில் விடைபெறாது. ஏப்ரலிலும் ஒருநாள் பனி கொட்டிவிட்டுப் போகும். அதனால் மே மாதம் வந்து, வெயில் உறைக்கத் தொடங்கியதும் ஜீப் வைத்திருப்பவர்களுக்குக் கை துறுதுறுக்கும். கூரையைக் கழற்றி வைத்துவிட்டுத் திறந்த வண்டியில் போக வேண்டும். அக்டோபர் வரைதான் அந்தச் சுகம். அதற்குப் பிறகு பனி உருக உப்புத் தூவிய சாலையும் ஹீட்டரும்தான்.

எங்களுடையது 2014 மாடல் ஜீப் ராங்லர், நான்கு கதவு வண்டி. ஜேகே என்று சொல்லும் தலைமுறை. இதன் ஹார்ட்டாப், அதாவது கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை, மூன்று துண்டு. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒன்று, பக்கத்து இருக்கைக்கு மேல் ஒன்று. இவை சிறியவை, திருகுகளையும் தாழ்களையும் விடுவித்தால் ஒரே ஆள் கழற்றிக் கையில் எடுத்து வந்துவிடலாம். மூன்றாவதுதான் வினை. பின்னிருக்கையில் தொடங்கி வண்டியின் வால்வரை மூடும் ஒரே ஓடு. பக்கக் கண்ணாடிகள், பின்கண்ணாடி, அதைத் துடைக்கும் வைப்பர் மோட்டார் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எடை 60 கிலோவுக்கு மேல். எடையைக் கேட்டால் பெரிதாகத் தோன்றாது, ஓர் ஆளின் எடைதானே என்போம். ஆனால் பிடிக்க ஒழுங்கான இடமில்லாத, இரண்டு பக்கமும் கை விரித்தாலும் எட்டாத, கண்ணாடி பதித்த 60 கிலோ அது. அதையும் நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி, ரோல் பாரை (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கம்பிச் சட்டத்தை) தாண்டிப் பின்னால் கொண்டுவர வேண்டும்.

2021 மே மாதம் முதல்முறை கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்த நண்பர்கள் மூவர், என்னோடு நான்கு பேர். ஆளுக்கொரு மூலை, ஒன்று இரண்டு மூன்று சொல்லித் தூக்குவது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். போல்ட்டுகளை நான்தான் கழற்றினேன். முன்கதவுகளுக்கு மேலே, தூணுக்குப் பக்கத்தில் இரண்டு; உள்பக்கம் பாடியை ஒட்டிப் பக்கத்துக்கு மூன்றாக ஆறு; ஆக எட்டு. நான் எண்ணவில்லை. பின்னால் இடது மூலையில் சாமான் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த போல்ட்டை விட்டுவிட்டேன்.

மூன்று சொன்னதும் மூன்று மூலைகள் எழுந்தன, நான்காவது மூலை வண்டியோடு இருந்தது. ஓடு முறுக்கிக்கொண்டு 'மடக்' என்று சத்தம் போட்டது. இடது பின்மூலையில் நின்ற நண்பர் தடுமாறிப் பின்னால் சாய, அவர் பக்கத்துச் சுமையும் சேர்ந்து என் இடுப்பில் இறங்கியது. கீழே போடாமல் வைத்துவிட்டோம். அந்த போல்ட் துளையைச் சுற்றிப் பெயின்ட்டில் மயிரிழை விரிசல் விழுந்தது. என் இடுப்பு சரியாக மூன்று வாரம் ஆனது. காலணிக் கயிறு கட்டக் குனிய முடியாமல் மனைவியைக் கூப்பிட்ட நாட்கள் அவை.

அதோடு முடியவில்லை. கழற்றிய ஓட்டை வீட்டின் பின்புறம் புல்தரையில் வைத்து மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். ஜூன் மாத இடிமழையில் காற்று தார்ப்பாய்க்குள் புகுந்து, ஓட்டையே இரண்டடி தள்ளிக்கொண்டு போயிருந்தது. தரையில் வைத்த ஹார்ட்டாப் பாய்மரம் மாதிரி. கனமாக இருக்கிறதே, காற்று என்ன செய்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது. அக்டோபரில் திரும்ப மாட்டுவதற்கு மறுபடியும் நான்கு பேர் ஒரே நாளில் அமைய வேண்டும். ஒருவர் ஊருக்குப் போய்விட்டார், ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. முதல் பனி விழுந்த நாள் காலையில் வண்டி திறந்தே நின்றது. இருக்கைகளும் தரைவிரிப்பும் நனைந்து, அந்த ஈரவாடை போக வசந்தம் வரை ஆயிற்று. அடுத்த வருடம் கூரையைக் கழற்றவே இல்லை.

2023இல் அப்பா வந்தார். அம்மா போன பிறகு அவர் எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்தது அதுதான் முதல்முறை. நாமக்கல் பக்கம் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் 35 வருடம் மரவேலை பார்த்தவர். வந்த இரண்டாம் வாரமே அவருக்கு வீட்டில் பொழுது போகவில்லை. கராஜில் போய் ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரிசலில் விரலை வைத்து, "இதென்ன கண்ணு?" என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"நாலு பேரு தூக்குனா நாலு மூலையும் ஒண்ணாவா ஏறும்? ஒருத்தன் உசரம், ஒருத்தன் குட்டை. ஒருத்தன் மூச்சுப் புடிக்கறதுக்குள்ள இன்னொருத்தன் தூக்கிப்போடுவான். லாரி கேபினை எறக்கறதுக்கு நாங்க என்னிக்காச்சும் ஆளு வெச்சுத் தூக்கியிருக்கமா?"

"இங்க செயின் பிளாக் மாட்ட எடமில்லீங்கப்பா."

"எடமிருக்குதா இல்லியான்னு அளந்து பாத்தியா?"

அளக்கவில்லை. கப்பியில் கயிறு போட்டு ஓட்டை உள்கூரைக்குத் தூக்க முடியுமா என்று பார்க்க அன்றைக்கே டேப்பை எடுத்தோம். எங்கள் கராஜின் உள்கூரை 9 அடி. கூரையோடு நிற்கும் ஜீப் ஏறக்குறைய 6 அடி. மீதி மூன்றடிக்குள் ஓடு மேலே போய்த் தங்க வேண்டும், கீழே வண்டியும் நிற்க வேண்டும். அளந்ததில் இடம் இருந்தது. இங்கே பல வீடுகளில் 8 அடிக் கூரைதான். அப்படியென்றால் ஓட்டை மேலே தொங்கவிட்டு அதே இடத்தில் வண்டியையும் நிறுத்துவது அநேகமாக நடக்காது. எதையும் வாங்கும் முன் இதை அளந்துவிடுங்கள்.

இடம் என்றதும் உயரத்தை மட்டும்தான் நான் நினைத்தேன். அப்பா கராஜ் கதவைத் திறக்கச் சொன்னார். கதவு மேலே சுருண்டு, உள்கூரையை ஒட்டிப் படுத்துக்கொண்டது. நான் வழக்கமாக ஜீப்பை மூக்கு உள்ளே போக நிறுத்துவேன். அப்படி நிறுத்தினால் வண்டியின் பின்பாதி, அதாவது தூக்க வேண்டிய பகுதி, சரியாகத் திறந்த கதவுக்கு அடியில் வருகிறது. அங்கே கப்பி மாட்டவே முடியாது. ரிவர்ஸில் உள்ளே விட்டால் பின்பாதி கராஜின் உள்கோடிக்குப் போய்விடும். மேலே வெறும் கூரை.

ரிவர்ஸில் விடுவதற்கு இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. ஓட்டைத் தூக்கிய பிறகு வண்டி அதன் அடியிலிருந்து வெளியே வர வேண்டும். வண்டி முன்னோக்கி நகர்ந்தால் ரோல் பார் ஓட்டின் திறந்த முன்வாய் வழியாக நழுவி வந்துவிடும். பின்கண்ணாடி தாண்ட வேண்டியது ஸ்டெப்னி டயரை மட்டும்தான். வண்டி பின்னோக்கி நகர்ந்தாலோ பின்கண்ணாடி ரோல் பாரின் மேல் வந்து மோதும். முழு ரோல் பாருக்கும் மேலாக ஓட்டைத் தூக்கியாக வேண்டும், அதற்கு நம் கூரை போதாது. இதை யோசிக்காமல் கப்பியெல்லாம் மாட்டிவிட்டு, தூக்கிய ஓட்டுக்குக் கீழே வண்டியைச் சிறைவைத்துவிட வாய்ப்பிருக்கிறது.

அடுத்து, எதில் தொங்கவிடுவது? உள்கூரையில் கண்ணுக்குத் தெரிவது அரை அங்குல ஜிப்சம் பலகை. அது தன்னையே தாங்கிக்கொண்டால் பெரிது. அதற்குப் பின்னால் இரண்டடிக்கு ஒன்றாக மரச்சட்டங்கள் ஓடுகின்றன. இவை கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டகத்தின் (டிரஸ்) அடிச்சட்டங்கள். மேலே விழும் பனியைத் தாங்க வடிவமைத்தவையே தவிர, கீழே ஒரே புள்ளியில் பாரம் கட்டுவதற்கு அல்ல. பக்கத்து வீட்டுப் பெரியவர் வீடு கட்டும் தச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். மேலே பரணுக்கு ஏறிச் சட்டங்களைப் பார்த்துவிட்டு, ஒரே சட்டத்தில் மாட்டாமல் நான்கு சட்டங்களுக்குக் குறுக்காக இரண்டுக்கு ஆறு அங்குலப் பலகை வைத்துப் பாரத்தைப் பகிரச் சொன்னார். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் பலகையைத் தட்டிக் காட்டியும் விரலால் கணக்குப் போட்டும் அரை மணி நேரம் பேசினார்கள். எனக்கு மொழிபெயர்க்க அதிகம் வேலை இருக்கவில்லை. உங்கள் வீட்டுக் கூரை வேறு மாதிரி இருக்கலாம்; கட்டட வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் திருகு போடாதீர்கள். ஒரு சின்ன நிம்மதி: பனி கூரைமேல் கிடக்கும் மாதங்களில் ஹார்ட்டாப் வண்டிமேல் இருக்கும், கூரையில் தொங்காது.

கப்பிகளின் இடத்தை அப்பா தூக்குக்குண்டு வைத்துக் குறித்தார். ஜீப்பை ரிவர்ஸில் நிறுத்தி, ஓட்டின் நான்கு மூலைகளுக்கும் நேர் மேலே உள்கூரையில் புள்ளி. கயிறு செங்குத்தாக இறங்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். நடுவில் ஒரே கொக்கி போட்டு நான்கு மூலைக்கும் கயிறு சாய்வாக இறங்கினால், தூக்கும்போது கயிறு ஓட்டின் பக்கங்களை உள்ளே நெருக்கும். கண்ணாடி பதித்த ஃபைபர் ஓடு அந்த நெருக்கலைத் தாங்காது.

நான்கு கயிறுகளும் அவரவர் கப்பி வழியாக வந்து ஒரே இரும்பு வளையத்தில் முடிகின்றன. வளையத்தைச் சுவரில் பொருத்திய கை விஞ்ச், அதாவது கைப்பிடியைச் சுற்றிக் கயிற்றை இழுக்கும் கருவி, இழுக்கிறது. வளையம் ஓரடி நகர்ந்தால் நான்கு மூலையும் ஓரடி ஏறும். பின்பக்கம் கண்ணாடியாலும் மோட்டாராலும் கனம் அதிகம்தான், இருந்தும் ஓடு சாயாது. நான்கு பேர் கூடியும் எங்களால் செய்ய முடியாததை ஒரு வளையம் செய்தது. கயிறு பாலியெஸ்டர். நைலான் பாரம் ஏறினால் நீளும். கனமான பின்பக்கம் கூடுதலாக நீண்டு ஓடு கோணிக்கொள்ளும்.

விஞ்ச் வாங்குகையில் நான் தவறு செய்யவிருந்தேன். படகு டிரெய்லரில் வரும் விஞ்ச் பாதி விலைக்குக் கிடைத்தது. அதில் பற்சக்கரத்தைத் தாங்கும் நாக்கு மட்டும்தான் உண்டு. இறக்குவதற்காக நாக்கை விலக்கினால் மொத்தப் பாரமும் கைப்பிடிக்கு வந்துவிடும். கை நழுவினால் கைப்பிடி சுழன்று மணிக்கட்டை உடைக்கும். தூக்குவதற்கென்றே வரும் பிரேக் விஞ்ச், கையை எடுத்தால் அப்படியே நிற்கும். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பட்டைகளிலும் கொக்கிகளிலும் இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். பெரிய எண், அறுந்துபோகும் அளவு. சிறிய எண், நாம் ஏற்றக்கூடிய அளவு. பட்டைகளில் சிறிய எண் பெரியதில் மூன்றில் ஒரு பங்குதான். கடையில் பெரிய எண்தான் கண்ணில் படும். சிறியதைத் தேடிப் பாருங்கள்.

எல்லாம் மாட்டியதும் நான் ஜீப் சாவியை எடுத்தேன். அப்பா முறைத்தார். "மொதல்ல மூட்டை கட்டிப் பாரு." தண்ணீரை மென்மையாக்கும் கருவிக்குப் போடும் உப்பு மூட்டைகள் வீட்டில் இருந்தன, ஒவ்வொன்றும் 18 கிலோ. ஒரு மரப்பலகையில் ஆறு மூட்டை அடுக்கி, நான்கு கயிற்றிலும் கட்டித் தூக்கினோம். நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரவு முழுவதும் தொங்கவிட்டோம். பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். காலையில் காப்பிகூடக் குடிக்காமல் கராஜுக்குப் போனோம். கோடு மாறவில்லை. திருகுகளைச் சுற்றி விரிசலும் இல்லை.

கழற்றுகிற நாளில் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். முதலில் முன் இரண்டு துண்டுகள். பிறகு பின்கதவைத் திறந்து, உள்ளே இடது பின்மூலையில் இருக்கும் ஒயர் இணைப்பைக் கழற்ற வேண்டும். வைப்பருக்கும் கண்ணாடியின் பனி நீக்கும் கம்பிகளுக்கும் கரண்ட் அதில்தான் போகிறது. பக்கத்திலேயே கண்ணாடிக்குத் தண்ணீர் போகும் சின்னக் குழாய். அதன் இணைப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் விடுபடும். இரண்டையும் மறந்துவிட்டுத் தூக்கினால் பிய்த்துக்கொண்டு போகும். ஒயர் முனையில் பிளாஸ்டிக் பை சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள், தூசும் ஈரமும் ஏறாது.

அப்புறம் அந்த எட்டு போல்ட்டுகள். ஜேகே வண்டியில் நட்சத்திர முனையுள்ள டி-40 டார்க்ஸ் பிட் வேண்டும். நட்சத்திர வடிவக் குழிக்குள் அறுகோண ஆலன் கீயை நுழைத்துத் திருகினால் பல் போய்விடும், அப்புறம் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். மனைவி ஒரு முட்டை அட்டையைக் கொண்டுவந்து குழிகளில் ஒன்று முதல் எட்டு வரை எழுதி வைத்தாள். கழற்றக் கழற்ற அந்தந்தக் குழியில் போட்டோம். எட்டுக் குழியும் நிரம்பாமல் விஞ்ச்சைத் தொடக் கூடாது என்று மாமனாரும் மருமகளும் சேர்ந்து எனக்கு உத்தரவு போட்டார்கள்.

எட்டும் கழற்றிய பிறகும் ஓடு அசையவில்லை. இரண்டு குளிர்காலமாகக் கழற்றாததால் அடியிலிருந்த ரப்பர் பாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இங்கேதான் பலரும் பலத்தைக் காட்டுவார்கள். அப்பா இழுக்கவும் இல்லை, நெம்பவும் இல்லை. பின்மூலையில் உள்ளங்கையை வைத்து மேல்நோக்கி மெதுவாக அழுத்திக்கொண்டே நின்றார். அரை நிமிடத்தில் ரப்பர் பிரிகிற சத்தம் கேட்டது. அந்த இடைவெளியில் துணி சுற்றிய மர ஆப்பை வைத்தார். அடுத்த மூலை, அடுத்த ஆப்பு. நான்கு மூலையிலும் இரண்டு அங்குலம் எழும்பிய பிறகு, ரப்பர் சுற்றிய தட்டையான கொக்கிகளை அடிவிளிம்பில் மாட்டினோம். கொக்கிகள் வெளியே நழுவாமல் இருக்க ஓட்டைச் சுற்றி அரைஞாண் மாதிரி ஒரு பட்டை கட்டினோம்.

நான் விஞ்ச்சைச் சுற்ற, மனைவி ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் நின்று பார்த்துச் சொன்னார்கள். யாரும் அடியில் நிற்கவில்லை, கையை உள்ளே விடவில்லை. ஓரடி ஏறியதும் நிறுத்தி நான்கு கொக்கிகளையும் பார்த்தோம். ஸ்டெப்னியின் உச்சிக்கு மேல் கண்ணாடி போனதும் பின்கதவைச் சாத்தினோம். நான் ஏறி உட்கார்ந்து, ஊர்ந்து ஊர்ந்து முன்னால் நகர்த்தினேன். தலைக்கு மேல் கூரை இருந்தது. நகர நகர வெளிச்சம் வந்தது. கராஜைத் தாண்டியதும் வானம். திரும்பிப் பார்த்தேன், ஓடு மட்டும் அந்தரத்தில் ஆடாமல் நின்றது. அப்பா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறையில் ஒரு லாரியை முடித்துச் சாவி கொடுக்கும் நாளில் அவர் அப்படித்தான் நிற்பார்.

மேலே முழுக்க ஏற்றிய பிறகு நான்கு மூலையிலும் தனித்தனிப் பட்டையால் பலகையோடு கட்டினோம். மாதக்கணக்கில் தொங்கப் போகிற பாரத்தை ஒரே விஞ்ச்சின் பல்லை நம்பி விடக் கூடாது. விஞ்ச் போனாலும் பட்டைகள் தாங்கும்.

அந்த ஜூலையில் மிச்சிகனின் மேற்குக் கரையில் மியர்ஸ் ஊருக்குப் பக்கத்திலுள்ள சில்வர் லேக் மணல்மேடுகளுக்குப் போனோம். மிச்சிகன் ஏரியை ஒட்டிய அந்த மணலில் வண்டி ஓட்ட அனுமதி உண்டு, உயரக் கம்பத்தில் ஆரஞ்சு கொடி கட்டியிருக்க வேண்டும். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு மேடேறினோம். உச்சியில் நிறுத்தியதும் கடல்போல ஏரி தெரிந்தது. அப்பா வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பின்னிருக்கையில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். "தேர்ல நிக்கறாப்ல இருக்குது" என்றார். அம்மா இருந்திருந்தால் அவரை உட்காரச் சொல்லி ஒரு சத்தம் போட்டிருப்பார்.

அக்டோபர் நடுவில் அப்பா ஊருக்குக் கிளம்பிவிட்டார். கூரையை மாட்ட நானும் மனைவியும் மட்டும். இறக்குவதற்கு முன் ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவைத்து, சிலிக்கோன் ஸ்ப்ரேயை மெல்லிதாக அடித்தேன். அடுத்த மே மாதம் ஒட்டாமல் இருக்கும். பாடியின் விளிம்பிலிருந்த மணலையும் துடைத்தேன். ஒரு சின்னக் கல் மாட்டிக்கொண்டாலும் அந்த இடத்தில் மழை ஒழுகும். வண்டியை ரிவர்ஸில் ஓட்டுக்கு அடியில் கொண்டுவர மூன்று முறை வெளியே போய் உள்ளே வர வேண்டியிருந்தது. மூன்றாம் முறை சரியாக நின்றதும் முன்டயர் நின்ற இடத்தில் தரையில் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டேன். இதை மே மாதமே செய்திருக்க வேண்டும்.

மாட்டும்போது வரிசை முக்கியம். ஓடு உட்கார்ந்ததும் எட்டு போல்ட்டையும் கையால் நாலைந்து சுற்று மட்டும் ஏற்றி விட வேண்டும், இறுக்கக் கூடாது. முன் இரண்டு துண்டுகளை வைத்து, முன்கண்ணாடிச் சட்டத்தோடும் ஓட்டோடும் அவை ஒட்டி உட்காருமாறு ஓட்டைக் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்துவிட்டுக் கடைசியில்தான் இறுக்க வேண்டும். பின் ஓட்டை முதலிலேயே இறுக்கிவிட்டால் முன் துண்டுகள் இழுபடும். முதல் மழைக்கே ஓட்டுநர் இடது தொடையில் சொட்டும். இறுக்குவதிலும் கைப்பலம் காட்ட வேண்டாம். அழுந்தியதும் நிறுத்திவிடலாம்.

முட்டை அட்டையோடு உட்கார்ந்து இறுக்கிக்கொண்டிருந்தபோது அப்பா வீடியோவில் அழைத்தார். அங்கே இரவு. மனைவி போனை வண்டிக்குள் காட்டினாள்.

"ஒயரு மாட்டியாச்சா, அம்மணி?"

"மாட்டியாச்சுங்க மாமா. வைப்பர் போட்டுப் பாத்தோம், ஓடுது. தண்ணியும் வருது."

"எட்டும் இருக்குதா?"

அட்டையைத் திருப்பிக் காட்டினேன். எட்டுக் குழியும் காலி.

"அந்த மூலைல இருக்கறதை இன்னொருக்கா தொட்டுப் பாரு, கண்ணு" என்றார். சாமான் பெட்டியை நகர்த்திவிட்டுக் கையை விட்டுத் தொட்டேன். இருந்தது.